மழலையர் ஆசிரியர்கள் கூடிக் கற்கும் குழு: எப்படித் தொடங்குவது, எப்படித் தொடர்வது?

குழந்தைப் பராமரிப்பு மையம் ஒன்றில் இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். ஆண்டுதோறும் பயிற்சி வகுப்புகளுக்குப் போய் வருகிறார்கள். சான்றிதழ்கள் சேர்கின்றன, அறைக்குள் எதுவும் மாறுவதில்லை. பக்கத்து மையங்களில் வேலை செய்பவர்களும், வீட்டிலேயே சில குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்களும் சேர்ந்து மாதம் ஒருமுறை கூடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். இதில் உண்மையிலேயே பலன் உண்டா, இரண்டு மாதத்தில் புலம்பல் கூட்டமாக ஆகிவிடாமல் எப்படிக் காப்பது, நடத்த வெளியிலிருந்து நிபுணர் வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள்.

பலன் நிச்சயம் உண்டு. தாராளமாகத் தொடங்குங்கள். இப்படிப்பட்ட குழுக்களோடு நெடுநாள் பழகியவள் என்ற முறையில் முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கூட்டத்துக்கும் யாராவது ஒருவர் தன் அறையில் தன் கண்ணால் பார்த்த ஒரு விஷயத்தைக் கொண்டுவர வேண்டும். ஒரு குழந்தை, ஓர் ஐந்து நிமிடம், ஒரு சண்டை, குழந்தை கிறுக்கிய ஒரு தாள், எதுவானாலும் சரி. அதை எல்லோரும் சேர்ந்து பொறுமையாகப் பார்த்த பிறகுதான் யோசனை சொல்ல வேண்டும். இந்த வரிசையைக் காப்பாற்றும் குழு தாக்குப்பிடிக்கும். "இந்த மாதம் அடம் பற்றிப் பேசலாம், அடுத்த மாதம் விளையாட்டு பற்றிப் பேசலாம்" என்று தலைப்பு வைத்துக் கூடும் குழு சீக்கிரம் வாடிவிடும். தலைப்பைப் பற்றி எல்லோரிடமும் கருத்து இருக்கும். ஆனால் மறுநாள் காலை அறைக்குள் நுழையும்போது கையில் எதுவும் இருக்காது.

பயிற்சி வகுப்பில் கேட்டது ஏன் அறைக்குள் வந்து சேர்வதில்லை என்று யோசித்திருப்பீர்கள். சின்னக் குழந்தைகளோடு செய்யும் வேலை நொடிக்கு நொடி முடிவெடுக்கும் வேலை. ஒரு குழந்தை அழுகிறது, இன்னொன்றுக்கு டயபர் மாற்ற வேண்டும், மூன்றாவது நாற்காலி மேல் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் பயிற்சியில் கேட்ட வாக்கியம் எதுவும் நினைவுக்கு வராது, பழகிய கைதான் முந்திக்கொள்ளும். அந்தப் பழக்கம் மாற வேண்டுமானால் புதியதைச் செய்து பார்க்க வேண்டும், அது சரிவராமல் போக வேண்டும், ஏன் சரிவரவில்லை என்று புரிந்த ஒருவரோடு பேச வேண்டும், மறுபடி செய்து பார்க்க வேண்டும். ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்திலேயே இதை வலியுறுத்தினார்கள். விளக்கவுரை, செய்முறை, பயிற்சி மூன்றும் இருந்தாலும், வகுப்பறைக்குத் திரும்பிய பிறகு சக ஆசிரியர்களின் துணை இல்லாவிட்டால் கற்றதில் பெரும்பகுதி அன்றாட வேலையில் ஒட்டாது என்பது அவர்கள் கண்டது.

இன்னொரு காரணம், இந்த வேலையின் தனிமை. அறுவை மருத்துவர் இன்னொரு மருத்துவர் கத்தி பிடிப்பதை நூறு தடவை பார்த்துவிட்டுத்தான் தானே பிடிக்கிறார். நாமோ, வேலைக்குச் சேர்ந்த பிறகு இன்னொருவர் ஒரு குழந்தையைச் சமாதானப்படுத்துவதை நின்று நிதானமாகப் பார்த்த நாட்கள் எத்தனை? வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவருக்கு நிலைமை இன்னும் கடினம். காலையில் முதல் குழந்தை வந்ததிலிருந்து மாலையில் கடைசிக் குழந்தை போகும்வரை இன்னொரு பெரியவரின் குரலே கேட்காத நாட்கள் உண்டு. தான் செய்வது சரியா தவறா என்று ஒப்பிட்டுப் பார்க்கவே வழியில்லை. கற்றலை ஆராய்ந்த ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் இருவரும் 1991இல் தொழில் பழகுவோரைப் பற்றி எழுதியபோது ஒன்றைக் கவனித்தார்கள். லைபீரியாவின் தையல்காரர்கள் உட்படப் பல தொழில்களைப் பார்த்ததில், தொழில் பழகுவோர் ஆசானிடம் கற்றதைவிடக் கூடவே பழகும் மற்றவர்களிடம் கற்றதே அதிகமாக இருந்தது. நம் வேலையில் அந்தக் 'கூடவே பழகும் மற்றவர்கள்' இயல்பாக அமைவதில்லை. அதனால்தான் குழுவை நாமே உண்டாக்க வேண்டியிருக்கிறது.

இது புதிய யோசனையும் இல்லை. ஆசிரியர் என்று ஒருவர் மேடையில் நிற்காமல் சிலர் சேர்ந்து படிக்கும் படிப்பு வட்டங்களை ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஆஸ்கர் ஓல்சன் 1902இல் தொடங்கினார், அது நாடெங்கும் பரவியது. மழலையர் கல்வியில் இதை ஆழமாக வேரூன்ற வைத்தது இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகரம். இரண்டாம் உலகப் போர் முடிந்தவுடன் அங்கே பெற்றோர்களே மழலையர் பள்ளி கட்டத் தொடங்கினார்கள். லோரிஸ் மாலகுட்சி என்ற ஆசிரியர் அவர்களோடு சேர்ந்தார். 1963இல் நகராட்சியே முதல் மழலையர் பள்ளியைத் திறந்தது. அங்கே ஒரு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். குழந்தைகள் பேசியதை எழுதி, செய்ததைப் படமெடுத்து, அந்தப் பதிவுகளை நடுவில் வைத்துக்கொண்டு ஆசிரியர்கள் கூடிப் பேசுவது அவர்களுடைய வேலையின் ஒரு பகுதி. ஊதியம் பெறும் நேரத்திலேயே அது நடக்கிறது. கடைசியாகச் சொன்ன இந்த விஷயத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி, முதலில் பார்ப்பது, பிறகு பேசுவது என்றேனே, அது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு நிகழ்வு.

ஒரு குழுவில் இரண்டரை வயதுச் சிறுவனைப் பற்றி அவனுடைய ஆசிரியை பேச ஆரம்பித்தார். "ரொம்ப முரடு. கடிச்சுக்கிட்டே இருக்கான். மத்த பிள்ளைங்களோட அம்மாக்களுக்குப் பதில் சொல்லி முடியல" என்றார். சுற்றி இருந்தவர்கள் உடனே ஆளுக்கொரு யோசனையோடு தயாராகிவிட்டார்கள். கடிக்கும் பொம்மை கொடுங்கள், தனியாக உட்கார வையுங்கள், பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள் என்று அடுக்கினார்கள். கூட்டத்தை நடத்தியவர் எல்லோரையும் நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "கடைசியா கடிச்சதுக்கு முன்னாடி அரை நிமிஷம் என்ன நடந்துச்சு?" ஆசிரியையால் சொல்ல முடியவில்லை. அழுகைச் சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு யோசனை எதுவும் சொல்லாமல், அடுத்த கூட்டம்வரை பார்த்ததை மட்டும் எழுதி வரச் சொன்னார்கள்.

அவர் எழுதி வந்த குறிப்பில் ஒரு பகுதி இப்படி இருந்தது: "11.40. கை கழுவப் போகும் வரிசை. குழாய்க்கு மூன்றாவதாக நிற்கிறான். பின்னால் நிற்கும் பெண் குழந்தை அவன் முதுகோடு ஒட்டுகிறாள். திரும்பிப் பார்க்கிறான். 'ம்ம்' என்கிறான். அவள் நகரவில்லை. தோளில் கடிக்கிறான்." இன்னும் இரண்டு குறிப்புகள், இரண்டும் அதே வரிசையில்தான். குறிப்பை அவர் வாசித்து முடித்ததும் யாரும் முரடு என்ற சொல்லை எடுக்கவே இல்லை. வேறொரு மையத்தில் உதவியாளராக இருக்கும் ஒரு பெண், அதுவரை பெரிதாகப் பேசாதவர், "அந்த நேரத்துல நீங்க எங்க நின்னீங்க அக்கா?" என்று கேட்டார். குழாயருகே, கை கழுவும் குழந்தையின் பக்கம் குனிந்து, வரிசைக்கு முதுகைக் காட்டியபடி நின்றிருக்கிறார். "நகரு" என்று சொல்லும் அளவுக்கு அந்தச் சிறுவனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. ஒன்று முதல் மூன்று வயதுக்குள், வார்த்தை போதாத குழந்தைகள் கடிப்பது பரவலாகக் காணப்படுவதுதான். அவனுடைய 'ம்ம்' ஒரு கோரிக்கை. அதைக் கேட்க அங்கே யாரும் இல்லை.

அடுத்த மாதத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது எளிய மாற்றம். நான்கு நான்கு பேராக அனுப்புவது, வரிசையின் நடுவில் தான் நிற்பது, உள்ளங்கையை நீட்டி "நில்லு" என்று காட்டும் சைகையை எல்லாக் குழந்தைகளுக்கும் பழக்குவது. வரிசையில் கடிப்பது நின்றது. ஆனால் கட்டைகள் வைத்து விளையாடும் இடத்தில் ஒருமுறை கடித்துவிட்டான், அங்கேயும் பின்பக்கமிருந்து ஒரு குழந்தை நெருக்கியிருக்கிறது. பிரச்சினை முழுக்கத் தீரவில்லை என்பதை அவர் தயங்காமல் வந்து சொன்னதால்தான், சிக்கல் வரிசையில் இல்லை, பின்னாலிருந்து வரும் நெரிசலில் இருக்கிறது என்று குழுவுக்குப் புரிந்தது. எந்தப் பயிற்சி வகுப்பும் அந்தச் சிறுவனைப் பற்றி இதைச் சொல்லியிருக்காது.

குழந்தையைப் பார்த்ததைப் பார்த்தபடி சொல்வதற்கு ஒரு முறை வேண்டும் என்று நினைத்தால், அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் 1965இல் தொடங்கிய பிராஸ்பெக்ட் பள்ளியில் பட்ரீசியா கரினியும் சக ஆசிரியர்களும் உருவாக்கிய முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு குழந்தையை ஐந்து கோணங்களில் விவரிப்பார்கள். குழந்தையின் உடலிருப்பும் அசைவும், சுபாவம், மற்றவர்களோடு உள்ள உறவு, ஆழ்ந்த விருப்பங்கள், யோசிக்கும் கற்கும் விதம். ஆசிரியர் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கிட மாட்டார்கள். குறை, கோளாறு, மருத்துவப் பெயர் எதையும் ஒட்ட மாட்டார்கள். நம்மை எப்போதும் தொந்தரவு செய்யும் குழந்தையின் 'ஆழ்ந்த விருப்பம்' என்ன என்று கேட்டால், பலருக்கும் பதில் தெரியாமல் போகும். அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடும்போதே அந்தக் குழந்தையோடு நம் உறவு மாறத் தொடங்குவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

கூட்டத்தின் நடப்பு இதற்கேற்ப அமைய வேண்டும். ஒன்றரை மணி நேரம் தாராளம். போன கூட்டத்தில் பேசியவர் என்ன செய்து பார்த்தார், என்ன ஆயிற்று என்று கேட்பதில் தொடங்குங்கள். இதைத் தவறவிட்டால் குழுவின் பேச்சுக்குப் பின்விளைவே இல்லாமல் போய்விடும். பிறகு இந்த மாதம் கொண்டுவந்தவர் பத்து நிமிடம் பேசுவார். மற்றவர்கள் தெளிவுக்காக மட்டும் கேட்கலாம்: எத்தனை மணி, யார் அருகில், அறையில் எத்தனை பெரியவர்கள் என்பது போல. "நீங்கள் ஏன் இப்படிச் செய்திருக்கக் கூடாது?" என்பது கேள்வி உருவில் வரும் யோசனை, அதை அப்போது விடக் கூடாது. அடுத்து, கொண்டுவந்தவர் அமைதியாக இருக்க, மற்றவர்கள் தாங்கள் கேட்டதில் கவனித்ததைப் பேச வேண்டும். தன் அறையைப் பற்றி மற்றவர்கள் பேசுவதைப் பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பது முதலில் சங்கடமாக இருக்கும். ஆனால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாததால்தான் காது திறக்கிறது. யோசனைகள் கடைசி இருபது நிமிடத்துக்கு. அவற்றில் எதை எடுத்துக்கொள்வது என்று கொண்டுவந்தவரே முடிவு செய்வார், ஒன்றே ஒன்றை.

யோசனை சொல்வதை நான் இவ்வளவு கட்டுப்படுத்துவது சிலருக்கு அதிகமாகத் தோன்றலாம். மேலே சொன்ன ஜாய்ஸும் ஷவர்ஸும் 1996இல் தங்கள் முறையைத் திரும்பிப் பார்த்து எழுதினார்கள். ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை ஒருவர் பார்த்துவிட்டு வாய்மொழியாகக் கருத்துச் சொல்லும் பழக்கத்தையே எடுத்துவிட்டோம் என்றார்கள். கருத்துச் சொல்லத் தொடங்கியதும் சக ஆசிரியர் மேற்பார்வையாளர் தொனிக்கு மாறிவிடுகிறார், கூட்டு முயற்சி குலைகிறது என்பது காரணம். அதோடு சொற்களையும் தலைகீழாக்கினார்கள். இருவரில் பாடம் நடத்துபவர்தான் பயிற்சியாளர், பார்க்க வந்தவர் கற்றுக்கொள்பவர் என்றார்கள். இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குழுவில் ஒருவர் இன்னொருவருடைய மையத்துக்கு அரை நாள் போய் உட்கார்ந்து பார்க்க ஏற்பாடு செய்ய முடிந்தால், மாதக் கூட்டங்களைவிட அது மேலான பலன் தரலாம். போகிறவர் குறை கண்டுபிடிக்கப் போகவில்லை, கற்றுக்கொள்ளப் போகிறார் என்று முன்கூட்டியே இருவரும் பேசிக்கொண்டால் கதவு சுலபமாகத் திறக்கும். தூக்க நேரத்துக்கு அறை எப்படி மாறுகிறது, அழும் குழந்தையை அம்மாவிடமிருந்து எப்படி வாங்குகிறார்கள் என்பதையெல்லாம் சொல்லிப் புரியவைக்க முடியாது. நேரில்தான் பார்க்க வேண்டும்.

நேரில் போக முடியாதவர்களுக்கு வீடியோ உதவும். மூன்று நிமிடம் போதும். குழந்தைகளின் பெற்றோர் எழுத்தில் அனுமதி தந்திருக்க வேண்டும், கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டிய பிறகு அழித்துவிட வேண்டும், யாருடைய போனுக்கும் அனுப்பக் கூடாது. முதல் தடவை பார்க்கும்போது எல்லோரும் தங்கள் குரலையும் உடையையும்தான் கவனிப்பார்கள். இரண்டாவது தடவை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கைகள் என்ன செய்கின்றன, முகம் எந்தக் குழந்தையின் பக்கம் இருக்கிறது, எந்தக் குழந்தை நம் பார்வைக்கே வரவில்லை என்பது அப்போது தெரியும்.

எத்தனை பேர் என்றால், ஆறு முதல் பத்துப் பேர். அதற்கு மேல் போனால் பேசாதவர்கள் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும். யார் யார் என்பதில் இரண்டு விஷயங்களில் பிடிவாதமாக இருங்கள். உதவியாளர்களைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். டயபர் மாற்றுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் பெரும்பாலும் அவர்கள் கையில். குழந்தையோடு மிக நெருக்கமான நேரம் அவர்களுடையது, குழந்தைகளைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது பல இடங்களில் யாராலும் கேட்கப்படாமலே போகிறது. இரண்டாவது, வேலை மதிப்பீடு எழுதும் மேலாளரும், அவரால் மதிப்பிடப்படுபவரும் ஒரே குழுவில் வேண்டாம். மேலாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சம்பள உயர்வை முடிவு செய்பவர் முன்னால் "எனக்குச் சமாளிக்கத் தெரியவில்லை" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மேலாளர்களுக்கென்று தனியாக ஒரு குழு வையுங்கள், அவர்களுக்கும் தனிமை உண்டு.

வெளி நிபுணர் வேண்டுமா என்று கேட்டீர்கள். நடத்துவதற்கு வேண்டாம். நேரத்தைக் காக்க, அவசர யோசனையைத் தடுக்க, பேசாதவரைப் பேச வைக்கத் தெரிந்த ஒருவர் உங்களுக்குள்ளேயே இருப்பார். முதல் ஆறு மாதம் அவரே நடத்தட்டும். முறை எல்லோர் மனதிலும் பதிந்த பிறகு சுழற்சியில் மாற்றிக்கொள்ளலாம். முதல் கூட்டத்திலிருந்தே ஆளுக்கொரு முறை என்று வைத்தால் ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொரு மாதிரி போகும், முறை நிலைபெறாது. மூத்தவர்கள் இருக்கும் குழுவில் நடத்துபவருக்கு ஒரு கூடுதல் பொறுப்பு உண்டு. இருபது வருட அனுபவம் உள்ளவர் பேசியவுடன் இளையவர்கள் "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று முடித்துக்கொள்வார்கள். அதனால் இளையவர்களை முதலில் பேச வையுங்கள், மூத்தவர் கடைசியாகப் பேசட்டும். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பெரும்பாலான மூத்தவர்கள் காரணத்தைச் சொன்னால் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்வார்கள்.

நிபுணர் வேண்டியது வேறு ஓர் இடத்தில். சகாக்கள் சேர்ந்து கற்கும் எந்தக் குழுவுக்கும் ஓர் ஆபத்து உண்டு. எல்லோருக்கும் ஒரே தவறான எண்ணம் இருந்தால், கூடிப் பேசப் பேச அது உறுதிப்படும். பச்சிளங்குழந்தைகளைத் தூங்க வைக்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். குப்புறப் படுக்க வைத்தால் நன்றாகத் தூங்கும் என்று ஒரு காலத்தில் பல நாடுகளில் மருத்துவர்களே சொல்லிவந்தார்கள். பிறகு, தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்களோடு அதற்குத் தொடர்பு இருப்பது தெரியவந்தது. மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற பிரசாரம் பிரிட்டனில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் தொடங்கியது. அதையடுத்து வந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் அந்த மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. "நாங்கல்லாம் குப்புறப் போட்டுத்தான் வளர்த்தோம், ஒண்ணும் ஆகல" என்று குழுவில் யாராவது சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒருவருடைய அனுபவத்தில் அகப்படாத அளவுக்கு அரிதான ஆபத்து ஆயிரக்கணக்கான குழந்தைகளைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் தெரியும். ஆகவே தூக்கம், மருந்து, ஒவ்வாமை, காய்ச்சல், குழந்தை விழுந்து தலையில் அடிபடுவது போன்ற எதிலும் குழுவின் ஒருமித்த கருத்து என்ற பேச்சே கூடாது. இவற்றில் மருத்துவ வழிகாட்டுதல் என்ன சொல்கிறதோ அதுதான். கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு, நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை குழந்தை மருத்துவரையோ பேச்சுச் சிகிச்சையாளரையோ அழைத்துக் கேளுங்கள். அவரை உரையாற்ற விடாதீர்கள். உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான் அவர் வருகிறார்.

குழந்தையை யாராவது துன்புறுத்துகிறார்கள் என்ற சந்தேகமும் குழுவில் பேசும் விஷயம் அல்ல. அடுத்த கூட்டம்வரை காத்திருக்கக் கூடாது, "உங்களுக்கு என்ன தோணுது?" என்று நான்கு பேரிடம் கேட்கக் கூடாது. சட்டப்படி யாரிடம் தெரிவிக்க வேண்டுமோ அவர்களிடம் அன்றைக்கே தெரிவிக்க வேண்டும். இதை முதல் கூட்டத்திலேயே எல்லோரும் வாய்விட்டுச் சொல்லி ஒப்புக்கொள்ளுங்கள். மற்றபடி, கூட்டத்தில் குழந்தைகளின் பெயரைச் சொல்லாதீர்கள், ஒரு மாற்றுப் பெயரோ முதல் எழுத்தோ போதும். பக்கத்துப் பக்கத்து மையங்கள் என்பதால் பெயரை மறைத்தாலும் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று அடையாளம் தெரிந்துவிடலாம். அப்படித் தெரிய வாய்ப்பிருந்தால் அந்தக் குழந்தையின் கதையைக் குழுவுக்குக் கொண்டுவராமல் இருப்பதே நல்லது. வாட்ஸ்அப் குழு என்பது கூடும் நேரத்தையும் இடத்தையும் சொல்வதற்கு மட்டும். அதில் குழந்தைகளின் படம் ஒன்றுகூட வரக் கூடாது.

இனி புலம்பல். புலம்பலை நான் இழிவாக நினைக்கவில்லை. நாள் முழுக்கத் தூக்கிச் சுமந்து, குனிந்து நிமிர்ந்து, குறைந்த சம்பளத்தில், அதிகக் குழந்தைகளோடு வேலை செய்பவர்கள், தங்களைப் புரிந்துகொள்ளும் ஆட்களைப் பார்த்ததும் கொட்டித் தீர்க்கத்தான் செய்வார்கள். மேலே சொன்ன நடப்பைத் தொடங்கும் முன் பத்து நிமிடம் அதற்கே ஒதுக்குங்கள். ஆனால் அதில் வருவதைக் கூர்ந்து கேளுங்கள், ஏனென்றால் இரண்டு வகையான விஷயங்கள் அதில் கலந்து வரும். "அந்தக் குழந்தை தூங்கவே மாட்டேங்குது" என்பது குழு எடுத்துப் பார்க்கக்கூடிய விஷயம். "ஒரே ஆள் பன்னிரண்டு குழந்தைகளைப் பார்க்கச் சொல்றாங்க" என்பதை எந்தக் கவனிப்புக் குறிப்பாலும் தீர்க்க முடியாது. ஆள் பற்றாக்குறையை ஆசிரியரின் திறமைக் குறைவாகக் காட்டுவது அநியாயம். அதற்குக் கற்றல் குழுவே கருவியாகிவிடக் கூடாது. அப்படிப்பட்டவற்றைத் தனித் தாளில் எழுதி, தேதி போட்டு வைத்து, நிர்வாகத்திடமோ அனுமதி வழங்கும் துறையிடமோ சேர்ந்து கொண்டுபோங்கள். மையம் மையமாக ஒரே குறை திரும்பத் திரும்ப வருவது அந்தத் தாளில் தெரிந்தால், அதற்குத் தனி வலு உண்டு.

ரெஜ்ஜோ எமிலியா பற்றிப் பேசும்போது விட்டுவைத்த, ஊதியம் பெறும் நேரத்தைப் பற்றிய விஷயம் இதோடு சேர்ந்தது. இந்தக் கூட்டங்கள் ஞாயிற்றுக்கிழமையில், சம்பளமில்லாத நேரத்தில் நடந்தால், ஓய்வுக்கு இருக்கும் ஒரே நாளையும் பறித்ததாகிவிடும். வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்கள்தான் முதலில் நின்றுவிடுவார்கள். மைய நிர்வாகிகளிடம் மாதம் இரண்டு மணி நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிடச் சொல்லிக் கேளுங்கள். பயிற்சி வகுப்புக்கு அனுப்பும் செலவில் ஒரு பகுதிகூட ஆகாது என்று எடுத்துச் சொல்லலாம். மறுத்தால், கூட்டத்தைக் குறுக்கி ஒரு மணி நேரமாக்குங்கள். வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்கள் கடையை மூடுவது போல வேலையை நிறுத்திவிட்டு வர முடியாது. அவர்களுக்காக ஒன்றுவிட்டு ஒரு கூட்டத்தைக் குழந்தைகள் வீட்டுக்குப் போன பிறகு, மாலையில் இணையவழியில் வைத்துக்கொள்வது பல இடங்களில் ஒத்துவருகிறது. இணையவழிக் கூட்டம் என்றால் ஆறு பேருக்கு மேல் வேண்டாம்.

குழு நன்றாகப் போகிறதா என்று எப்படி அறிவது? கூட்ட முடிவில் கருத்துப் படிவம் கொடுத்து நிரப்பச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை, எல்லோரும் "மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்றுதான் எழுதுவார்கள். மாறாக, ஆறு மாதத்துக்கு முன் எழுதிய கவனிப்புக் குறிப்பையும் இப்போது எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "அடம் பிடித்தான்" என்று இருந்த இடத்தில் "கதவருகே படுத்துக்கொண்டு, அம்மா போன பக்கத்தையே பார்த்தபடி அழுதான்" என்று வந்திருந்தால், கண் கூர்மையாகியிருக்கிறது. இன்னோர் அடையாளம் உங்களைப் பயமுறுத்தக்கூடும். குழு பழகப் பழக, மேசைக்கு வரும் சிக்கல்கள் குறையாது, கூடும். 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருப்பதைக் கண்டு முதலில் திகைத்தார். அங்கே பிழையை வெளியில் சொல்லப் பயமில்லை, அதனால் பதிவு கூடுகிறது என்பது அவர் தந்த விளக்கம். "நேத்து கோபத்துல ஒரு குழந்தையோட கையை இறுக்கிப் பிடிச்சிட்டேன்" என்று ஒருவர் உங்கள் குழுவில் சொல்லத் துணிந்தால், உடனே ஆறுதல் சொல்லி மூடிவிடவும் வேண்டாம், கடிந்துகொள்ளவும் வேண்டாம். அந்த நேரத்தில் அறையில் எத்தனை குழந்தைகள், எத்தனை பெரியவர்கள், எத்தனை மணி நேரமாக இடைவேளை இல்லாமல் இருந்தார் என்று கேளுங்கள். குழந்தைக்கு அடிபட்டிருந்தாலோ, அது திரும்பத் திரும்ப நடப்பதாகத் தெரிந்தாலோ, மேலே சொன்ன சட்டப்படியான வழிதான். அதில் தோழமைக்கு இடமில்லை.

முதல் கூட்டத்துக்கு அதிகம் திட்டமிட வேண்டாம். பேச ஒப்புக்கொண்டவர் ஒருவர், ஒரு குழந்தை, பத்து வரிக் குறிப்பு, இவ்வளவு போதும். முன்வர யாருக்கும் துணிவில்லை என்றால் கூட்டத்தை நடத்துபவரே தன் அறையிலிருந்து கொண்டுவரட்டும், அதுவும் தனக்கு வெற்றியாக முடிந்த கதையை விட்டுவிட்டு, இன்னும் விடை தெரியாத ஒன்றை. பயிற்சி நேரக் கணக்குக் காட்ட வேண்டிய இடத்தில் நீங்கள் வேலை செய்கிறீர்கள் என்றால், இப்படிப்பட்ட கூட்டங்களையும் அந்தக் கணக்கில் சேர்ப்பார்களா என்று தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். சில இடங்களில் ஏற்கிறார்கள். எப்படியானாலும் வந்தவர்களின் கையொப்பம், தேதி, என்ன பார்த்தோம், அடுத்து யார் என்ன செய்து பார்க்கப் போகிறார் என்று ஒரே ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தை அந்தப் பக்கத்தை வாசித்துத் தொடங்கலாம்.